ஜூ டவுன் கிடங்கில் நான்கு கட்டளைகள்

பிந்து வாயைத் திறப்பதற்குள் வேலன் பாதிக் கதையைச் சொல்லிவிட்டான். அது அவன் சுபாவம். பாலஸ் ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். வாடிக்கையாளர் மெஷினை மேஜைமேல் இறக்குவதற்கு முன்பே கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவான். பத்தில் ஆறு சரியாக இருக்கும். கனகாம்பாள் மாமி கையைச் சற்று உயர்த்தி அவனை நிறுத்தினார்.

"வேலா, போனது அவ ஆத்துக்காரர். அவளே சொல்லட்டும்."

மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக மட்டாஞ்சேரியின் எரிந்துபோன கிடங்குகளுக்குள் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தவர். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்தார்களா என்று சொல்வதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. வேலையை விட்ட பிறகும் போலீஸுக்குப் போகப் பயந்தவர்கள், போய் வந்தும் பயன் காணாதவர்கள் செர்லாயில் உள்ள அவர் வீட்டு முன்னறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். கம்ப்யூட்டர் சமாசாரம் வந்தால் வேலனைக் கூப்பிடுவார். மற்ற சமாசாரங்களுக்கு வேலன் கூப்பிடாமலே வருவான்.

பிந்து சொன்னாள். 2004 ஜூன் மாதத்து இரண்டாவது ஞாயிறு. அவள் கணவன் விபின் ஜூ டவுனில் ஒரு பழைய மசாலாக் கிடங்கின் மாடியில் இயங்கும் தனியார் பரிசோதனைக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். கப்பலேறும் மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு எல்லாவற்றையும் அங்கே சோதித்து சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். சோதனை முடிவுகள் அத்தனையும் ஒரு சர்வருக்குள் இருந்தன. இடம் நிறைந்துவிட்டதால் இரண்டு புதிய டிஸ்க்குகள் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய வால்யூமாக ஆக்குவதற்காக விபின் அந்த விடுமுறை நாளில் போயிருந்தான். பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, கிடங்கின் பின்புறம் காயல் தண்ணீரை ஒட்டிய கல்தளத்தில் அவன் பிணமாகக் கிடந்தான். மேலே சரக்கு ஏற்றி இறக்கும் கதவு திறந்திருந்தது.

கம்பெனியின் முடிவும் போலீஸின் முடிவும் ஒன்றுதான். புது டிஸ்க்குகளின் பெயருக்குப் பதிலாகப் பழைய டிஸ்க்குகளின் பெயரைத் தட்டிவிட்டான். ஐந்து வருஷத்து முடிவுகள் அழிந்தன. அவமானம் தாங்காமல் குதித்துவிட்டான். அந்தப் புது டிஸ்க்குகளை விற்றவன் வேலன். பத்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்கே டேட்டா போச்சோ இருக்கோ, அது எனக்கு வேண்டாம் மாமி," என்றாள் பிந்து. "வயித்துல அஞ்சு மாசம். இதையும் என்னையும் வேணாம்னு வெச்சுட்டு அவரு தானாப் போனாரா? அது மட்டும் எனக்கு அறியணும்."

மாமி உடனே ஆறுதல் சொல்லவில்லை. அன்று மத்தியானம் விபின் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். வேலன் முகம் சுளித்தான். மாமி யாரிடமும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான் என்று தெரிந்திருந்தும், ஒரு விதவையிடம் கேட்பது அவனுக்கு என்னவோ போலிருந்தது. மற்றதை மறைக்கிறவர்கள்கூடச் சாப்பாட்டை மறைக்க மாட்டார்கள், அதைச் சொல்லும்போது கூடவே மற்றதும் வந்துவிடும் என்பது மாமியின் கணக்கு.

வந்தது. காலை எட்டுக்குப் போனவன் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்தான். கப்பைக் கிழங்கும் மத்திமீன் கறியும். கறியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டான். பெரிய வேலை இருக்கும் நாட்களில் செய்வதுபோலவே பையை இரும்பு அலமாரியில் அவள் புடவைகளுக்கு அடியில் வைத்து, தொடாதே என்று சொன்னான். பத்து நிமிஷம் படுத்தான். ஒன்றேகாலுக்குக் கிளம்பினான். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கொடியில் கிடந்த துணியை அவள் ஓடிப்போய் எடுத்தாள். அரை மணி பெய்து நின்று வெயில் அடித்தது, மறுபடி உலர்த்தினாள். மூன்றரைக்கு ஆள் வந்து சொன்னது. அந்த வாரம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை முதலாளியைப் பார்த்து ஒரு காரியம் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தான். என்ன காரியம் என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை மாமியும் வேலனும் ஜூ டவுனுக்குப் போனார்கள். முதலாளி வெங்கிடராமன் மாமிக்குக் கோயிலில் பார்த்துப் பழக்கம். ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் சர்வர் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, அழிந்த தரவை மீட்கச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் வீடு கிடங்கிலிருந்து நான்கு வாசல் தள்ளி. சாவியும் அவரிடம் உண்டு. பெட்டியைத் திறக்காதே என்று சொன்ன அந்த நிமிஷமே வேலன் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். மாடிப்படியில் ஏறும்போதே மாமியின் காதில் சொல்லியும் விட்டான்.

"முதல்ல ஏறு," என்றார் மாமி.

சர்வர் இருந்தது ஒரு சின்ன அறை. சுக்கு வாசனையும் ஏ.சி.யின் குளிரும் கலந்திருந்தன. திரையை ஞாயிற்றுக்கிழமை இருந்தபடியே விட்டிருந்தார்கள், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. சுவரில் விபின் கைப்பட மலையாளத்தில் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏ என்ற டிஸ்க்கில் சிஸ்டம்; பி, சி இரண்டிலும் பரிசோதனை முடிவுகள். அதற்குக் கீழே புது வால்யூம் உண்டாக்கும் முறை, வரிசையாக. முதல் வரி: என்னென்ன டிஸ்க் இருக்கிறது என்று பட்டியல் கேட்டுப் பார்.

இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ஒரு வால்யூம் ஆக்குவது என்றால் என்ன என்று மாமிக்காக வேலன் விளக்கினான். ஒரு புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்களை எல்லாம் ஒரு டிஸ்க்கிலும் இரட்டைப்படைப் பக்கங்களை எல்லாம் இன்னொன்றிலும் வைப்பதுபோல. இரண்டும் ஒரே சமயத்தில் வேலை செய்வதால் வேகம். ஆனால் ஒன்று போனால் மற்றது குப்பை. இதைச் செய்யச் சுட்டி, படம் எதுவும் கிடையாது. கட்டளையைத் தட்ட வேண்டும். திரையில் நான்கு கட்டளைகள் இருந்தன. பி, சி இரண்டு டிஸ்க்குகளையும் வேலைக்குத் தயார் செய்தது ஒன்று. இரண்டையும் ஒரு குழுவாக்கியது அடுத்தது. குழுவின் இரண்டு டிஸ்க்கிலும் பரவும்படி வால்யூமை உண்டாக்கியது மூன்றாவது. அதைத் துடைத்துச் சுத்தமாக்கியது கடைசி. ஒவ்வொன்றுக்கும் கீழே, ஆயிற்று, ஆயிற்று என்று மெஷினின் பதில். கடைசிக் கட்டளையின் நேரம் இரண்டு முப்பத்தைந்து.

"இவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையா?"

"இவ்வளவுதான் மாமி. மேலேயும் கீழேயும் ஒண்ணுமில்லை." சொல்லிவிட்டு வேலன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். எதுவோ குறைகிறது என்று தோன்றியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. குப்பைக்கூடையில் புது டிஸ்க்குகள் வந்த இரண்டு வெறும் உறைகள் கிடந்தன. அவற்றின்மேல் அவன் கடைச் சீட்டு. புது டிஸ்க்குகளை விபின் பெட்டிக்குள் பொருத்திவிட்டான் என்பதற்கு அதுவே சாட்சி. பழையது இரண்டு, புதியது இரண்டு, பெட்டிக்குள் நான்கு என்றுதான் கம்பெனியில் எல்லாரும் சொன்னார்கள். நான்கும் இருந்தால் புதியவை டி, இ. விபின் தட்டியிருக்க வேண்டியது டி, இ. தட்டியது பி, சி. வேலனால் அதை மறுக்க முடியவில்லை.

தலைமைக் கெமிஸ்ட் டாக்டர் அனந்தநாராயணன் அடுத்த அறையில் இருந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். அவர் அலமாரிகளில் கண்ணாடிப் புட்டிகள் எண் ஒட்டி அணிவகுத்திருந்தன. ஐந்து வருஷத்துக்கு முன் வந்த சாம்பிளைக் கேட்டால்கூட எண்ணைச் சொல்லி எடுத்துக் கொடுப்பேன் என்றார். அன்று என்ன சாப்பிட்டார் என்ற கேள்விக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம் சாதம், இந்த மேஜையில், ஒன்றரைக்கு என்று பதில் சொன்னார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"ரெண்டே முக்கால் இருக்கும். விபின் இந்த வாசல்ல வந்து நின்னான். அழுதுண்டிருந்தான். 'பழைய டிஸ்க் ரெண்டையும் துடைச்சுட்டேன் சார், எல்லாம் போச்சு'ன்னான். சரிப்பா, ஆத்துக்குப் போ, நாளைக்குப் பார்த்துக்கலாம்னேன். சரக்குக் கதவு பக்கம் போனான். காத்து வாங்கப் போறான்னு விட்டுட்டேன். நான் கூடவே போயிருக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலனுக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

காவலாளி ரதீஷ் தெருப்பக்கத்து வாசலில் இருப்பவன். அன்று உள்ளே இருந்தது விபினும் கெமிஸ்ட்டும் மட்டும்தான், முதலாளி நான்கு மணிக்குத்தான் வந்தார் என்று சொன்னான். மூன்று அடித்து ஐந்து நிமிஷத்தில் பீடி பிடிக்கப் பின்பக்கம் போனபோதுதான் பார்த்திருக்கிறான். அதைச் சொல்ல அவனுக்கு விருப்பமில்லை. மாமி பொறுமையாகக் காத்திருந்தார்.

"தலை பின்னாடி அப்படியே உடைஞ்சிருந்தது மாமி. ஆனா கல்லுல ஒரு துளி ரத்தம் இல்லை. கழுவி விட்ட மாதிரி. சட்டை, முண்டு எல்லாம் ஊறி ஒட்டிக் கிடந்துச்சு. தூக்குறப்ப முடியிலிருந்து வெள்ளம் சொட்டுச்சு. அந்த ஈரம் இப்பவும் என் கையில இருக்கு."

மாமி அந்தக் கல்தளத்தைப் போய்ப் பார்த்தார். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு ஆள் உயரம் மேலே, அலை எட்டாத இடம். குடையை மடக்கிக்கொண்டு திரும்பினார். வேலன் வழிநெடுக முதலாளியைத் தூக்கில் போட்டுக்கொண்டே வந்தான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவன் மூச்சிரைக்க மாமி வீட்டுக்குள் நுழைந்தான். கடையைப் பூட்டக்கூட இல்லை. அவனிடம் இருந்த இரண்டு பழைய டிஸ்க்குகளில் முதலில் ஒரு வால்யூமை உண்டாக்கி, அதில் நான்கு கோப்புகளைப் போட்டிருக்கிறான். பிறகு விபின் செய்ததாகச் சொல்லும் அதே தப்பை வேண்டுமென்றே செய்து பார்த்திருக்கிறான்.

"மெஷின் மாட்டேன்னுடுச்சு மாமி. முதல் கட்டளையிலேயே. இந்த டிஸ்க் ஏற்கெனவே வேற குழுவுல இருக்கு, தொட முடியாது, வற்புறுத்தணும்னா அதுக்குத் தனியா எழுதுன்னு சொல்லுது. அங்கே திரையில அந்த மறுப்பு இல்லை. ஆயிற்று, ஆயிற்றுன்னு நாலு தடவை. அதுதான் நேத்து எனக்கு உறுத்தினது."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா அங்கே பி, சி ரெண்டும் காலி டிஸ்க். ஆனா அது எப்படி? தாள்ல பி, சி பழையதுன்னு அவன் கையெழுத்துலேயே இருக்கே."

அந்தப் பெயரை யார் வைக்கிறார்கள் என்று மாமி கேட்டார். டிஸ்க்கின்மேல் எழுதியிருக்குமா?

"இல்லை மாமி. ஸ்டார்ட் பண்றப்ப மெஷினே வைக்கும். வரிசையில முதல்ல பார்க்கிறது ஏ, அடுத்தது பி, அப்புறம் சி."

"நடுவுல இருக்கற ரெண்டு பேரை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணினா?"

"பின்னாடி இருக்கிறவங்க முன்னாடி வந்துடு..." வேலன் பாதியில் நின்றான். பழைய இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு மெஷினை ஓட்டினால் புதியவைதான் பி, சி. கை தவறினால்கூடப் பழையதைத் தொட முடியாது. ஜாக்கிரதையான ஆள் அப்படித்தான் செய்வான். விபின் ஜாக்கிரதையான ஆள். ஒரு டிஸ்க் வாங்க மூன்று தடவை வந்து விசாரித்தவன் என்பது விற்ற தனக்கல்லவா தெரியும் என்று வேலன் தன்னையே நொந்துகொண்டான்.

"அப்போ பழையது ரெண்டும் எங்கே மாமி?"

மாமி ஏற்கெனவே செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். "பெரிய வேலை இருக்கற நாள்ல அவன் ஒரு பையை ஆத்துக்குக் கொண்டுவந்து வெப்பான்னு அவ சொன்னாளே, நீ கேக்கலையா?"

பை அலமாரியில்தான் இருந்தது. தொடாதே என்று சொன்னவன் சொல்லை மீறி பிந்து அதைத் தொடவில்லை. உள்ளே இரண்டு டிஸ்க்குகள், தனித்தனியாகத் துவாலையில் சுற்றி. ஒவ்வொன்றின்மேலும் விபின் கையெழுத்தில், ஒற்றை, இரட்டை என்று. பிந்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமி அவளிடம் சாயங்காலம் வந்து சொல்வதாக மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் பரிசோதனைக்கூடத்தில் முதலாளி, கெமிஸ்ட், ரதீஷ், வழக்கை முடித்து எழுதியிருந்த சப்-இன்ஸ்பெக்டர் எல்லாரும் கூடினார்கள். முதலாளிக்கு எரிச்சல். மேஜைமேல் துவாலையை விரித்துக் காட்டியதும் அவர் முகம் மாறியது. பெட்டியைத் திறக்க அவரே அனுமதித்தார். உள்ளே நான்கு டிஸ்க்குகள் இல்லை. ஏ இருந்தது, அடுத்த இரண்டு இடங்கள் காலி, அதற்குப் பிறகு வேலன் விற்ற இரண்டு. வேலன் பழையவற்றை அவற்றின் இடத்தில் பொருத்தி மெஷினை ஓட்டினான். ஐந்து வருஷத்து முடிவுகள் ஒன்று குறையாமல் வந்தன.

வேலன் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தான். அந்த மனிதர் சந்தோஷத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெமிஸ்ட் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. வேலன் இரண்டு நாளாகக் கட்டி வைத்திருந்த தூக்குமேடை அங்கேயே சரிந்தது.

மாமி குரலை உயர்த்தாமல் பேசினார். "விபின் மத்தியானம் சாப்பிட வரப்பவே பழைய டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டுவந்துட்டான். அது பத்திரமா இருக்குன்னு உலகத்துலயே தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். அப்படிப்பட்டவன் ரெண்டே முக்காலுக்கு வந்து, பழையதைத் துடைச்சுட்டேன்னு எப்படி அழுதான், டாக்டர்?"

சப்-இன்ஸ்பெக்டர் இடையில் புகுந்தார். அவன் குழம்பியிருக்கலாம், காலையில் எடுத்ததை மறந்திருக்கலாம் என்றார்.

"மறந்திருக்கட்டும். அன்னிக்கு ரெண்டு மணிக்கு மழை ஆரம்பிச்சு ரெண்டரைக்கு நின்னுடுத்து. அவன் பொண்டாட்டி அதுக்கப்புறம் துணி உலர்த்தியிருக்கா. டாக்டர் சொல்றபடி அவன் விழுந்தது ரெண்டே முக்காலுக்கு மேல. வெயில்ல விழுந்தவன் மேல முண்டும் முடியும் எப்படி ஊறித்து? கல்லுல ரத்தத்தை யார் கழுவினா? ஜூன் மாசத்துல எல்லாரும் நாள் முழுக்க மழைன்னு நெனைச்சுண்டுடறா. அவன் விழுந்தது மழை நிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி."

மாமி சுவரில் இருந்த தாளைக் காட்டினார். அப்படியானால் இரண்டு முப்பத்தைந்துக்கு அந்தக் கட்டளைகளைத் தட்டியது விபின் இல்லை. விபினாக இருந்தால் தான் எழுதிய முதல் வரிப்படி பட்டியலைக் கேட்டிருப்பான்; திரையில் பட்டியல் இல்லை. தட்டியவர் தாளைப் பார்த்துத் தட்டியிருக்கிறார். பழைய முடிவுகள் பி, சி-யில் என்று தாளில் இருக்கிறது. அவற்றை அழிப்பதுதான் அவர் வேண்டியது. அதனால் பட்டியல் அவருக்குத் தேவைப்படவில்லை. மெஷின் மறுக்காததைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்பினார். ஆனால் மெஷின் நேரத்தைப் பதிந்துவிட்டது. இரண்டு முப்பத்தைந்துக்குப் பிறகும் விபின் உயிரோடு இருந்ததாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது.

"உங்க அலமாரியில ஒரு புட்டிக்கு நம்பர் போட்டா அது உடையற வரைக்கும் அதே நம்பர். முப்பது வருஷப் பழக்கம். பேர்ங்கறது பொருளோட ஒட்டிண்டிருக்கும்னு நெனைச்சேள். இந்த மெஷின்ல அது நிக்கற வரிசைக்குத்தான் பேர். நீங்க அழிச்சது ரெண்டு வெறும் டிஸ்க்கை."

முதலாளி கெமிஸ்ட்டைப் பார்த்து, ஏன் என்று ஒரே வார்த்தை கேட்டார். அதற்கான பதில் மெஷினுக்குள் இருந்தது. கருவி பதிந்த முடிவுகளையும் வெளியே போன சர்ட்டிபிகேட்டுகளையும் ஒப்பிட்டு வேலன் தேடி எடுத்தான். மிளகாய்த்தூள் சாம்பிள்கள் பதினேழில் கலக்கக்கூடாத சிவப்புச் சாயம் இருப்பதாகக் கருவி பதிந்திருந்தது. அதே பதினேழுக்கும் அனந்தநாராயணன் கையெழுத்தில் சுத்தம் என்று சர்ட்டிபிகேட் போயிருந்தது. புது டிஸ்க்குகளுக்கு மாற்றுவதற்காகக் கோப்புகளைச் சரிபார்த்தபோது விபின் கண்ணில் அது பட்டிருக்கிறது. திங்கட்கிழமை முதலாளியிடம் சொல்ல நினைத்த காரியம் அதுதான். அதற்கு முன் கெமிஸ்ட்டிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தது அவன் மரியாதை. அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது.

கடைசியில் அனந்தநாராயணன் பேசினார், யாரையும் பார்க்காமல். "தள்ளணும்னு நெனைக்கலை. காத்துக்காகக் கதவைத் திறந்து வெச்சிருந்தேன். அவன் கையில பதினேழு நம்பரும் எழுதின காகிதம். பிடுங்கப் போனேன். அவன் பின்னாடி நகர்ந்தான்."

"கீழே எட்டிப் பார்த்தேளா?" என்று மாமி கேட்டார்.

அவர் தலையசைத்தார். "மழை பிடிச்சுது. அவன் கை அசைஞ்சுண்டிருந்தது. நான் உள்ளே வந்துட்டேன்."

ரதீஷ் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான். தெருவாசலுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் ஐம்பது அடிகூட இல்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் அவன் ஓடியிருப்பான். அரை மணி நேரம் ஒரு மனிதன் மழையில் கிடந்திருக்கிறான், இன்னொருவன் மேலே ஏ.சி. அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கட்டளை தட்டியிருக்கிறான். சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து கெமிஸ்ட்டின் தோளில் கை வைத்தபோது வேலனுக்கு அதில் ஒரு துளித் திருப்தியும் வரவில்லை.

பிந்துவின் வீட்டுக்குப் போகும் வழியில் மாமி ஒன்றே ஒன்று சொன்னார். கை அசைந்த விஷயம் அவளுக்கு இப்போது வேண்டாம், கோர்ட்டில் தெரியும்போது தெரியட்டும், பிள்ளை பிறக்கட்டும். வேலன் தலையாட்டினான்.

மாமி அவளைத் தன் பக்கத்தில் தரையில் உட்கார வைத்துச் சொன்னார். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒன்றும் அழியவில்லை. இரண்டாவது தடவை கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் திரும்பி வருவதற்காகத்தான் போனான். உன்னை விட்டுப் போகவில்லை, அவனைத் தள்ளிவிட்டார்கள்.

பிந்து அழவில்லை. சீக்கிரமே உயிர் போய்விட்டதா என்று கேட்டாள். உடனே என்று மாமி சொன்னார். பொய் சொல்லும்போதும் அவர் குரல் மாறவில்லை. வேலன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவரை எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கூப்பிட்டாங்க மாமி," என்றாள் பிந்து. "வந்து கடைசியா முகம் பாருன்னு. நான் இந்த ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டேன். என்னை வேண்டாம்னு போனவர் முகத்தை நான் எதுக்குப் பார்க்கணும்னு கத்தினேன். அவர் அம்மா வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் திறக்கலை."

மாமி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிந்து திரும்பத் திரும்ப அதையே சொன்னாள், நான் பார்க்கலை மாமி, நான் பார்க்கலை. அவள் அழத் தொடங்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.